நாலு மணிக்கு மேல் வெனிஸ் இலவசம்

மதிப்பிற்குரிய வெனிஸ் மாநகராட்சியாருக்கு,

உங்கள் ஊரை ஒரே பகலில் பார்த்துத் திரும்பத் திட்டம் போடும் அனைவர் சார்பிலும் முதலில் ஒரு பாராட்டு. கூட்டத்தால் திணறும் ஊர்கள் உலகில் ஏராளம். கூட்டத்துக்கு அலுவலக நேரம் வகுத்துக் கொடுத்த பெருமை உங்களுடையது. காலை 8.30 முதல் நாங்கள் கூட்டம். மாலை 4 மணி அடித்தால் விருந்தினர். 2024 ஏப்ரல் 25 அன்று, ஊர்க்காவலர் புனித மாற்குவின் திருநாளில், பகலில் வந்து திரும்புகிறவர்கள் அந்த நேரத்துக்குள் நுழைந்தால் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தொடங்கினீர்கள். அந்த ஆண்டு 29 நாட்களுக்குத் தலைக்கு 5 யூரோ. 2025-ல் 54 நாட்கள். சில நாள் முன்னதாகப் பதிந்தால் 5, கடைசி நேரத்தில் கிளம்பினால் 10. இரண்டு ஆண்டும் ஏப்ரலில் தொடங்கி ஜூலையோடு வசூல் முடிந்தது. முகமூடித் திருவிழா நடக்கும் பிப்ரவரியிலும், ஐரோப்பா முழுக்க விடுமுறையில் கிளம்பும் ஆகஸ்டிலும் உங்கள் சந்துகள் காற்றாடுகின்றன போலும்.

பயணத் திட்டம் போடுகிறவர் எதைப் பார்ப்பது என்று யோசிக்கும் முன் எங்கே தூங்குவது என்று முடிவு செய்ய வேண்டும் என்பதையும் உங்கள் விதிகளிலிருந்து கற்றுக்கொண்டோம். புனித அந்தோணியாரின் ஊரான பதுவையில் அறை எடுத்துத் தங்கிவிட்டு ரயிலில் வரும் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும். மெஸ்த்ரேயில் தங்கிவிட்டு வருகிறவர் கட்ட வேண்டாம். மெஸ்த்ரே கடலுக்கு இந்தப் பக்கம், நிலப்பரப்பில் இருந்தாலும் உங்கள் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது. தங்கும் வரியாக உங்கள் பங்கு கைக்கு வந்துவிடுகிறது. இந்த இருவரும் ஒரே ரயிலில் நீர்ப்பரப்பைக் கடந்து சாந்தா லூசியா நிலையத்தில் இறங்குகிறார்கள். அதே படிக்கட்டில் நின்று பெருங்கால்வாயைப் படம் பிடிக்கிறார்கள், அதே ரியால்தோ பாலத்தில் மற்றவர் காலை மிதிக்கிறார்கள், மாலையில் அதே ரயிலைப் பிடிக்கிறார்கள். இவர்களில் யாரால் ஊர் கெடுகிறது என்பது, பதிந்ததும் கைப்பேசிக்கு வரும் கியூஆர் குறியீட்டில் இருக்கிறது. மெஸ்த்ரேக்காரர் தப்பித்தோம் என்று சும்மா வந்துவிடவும் முடியாது. தமக்கு விலக்கு உண்டு என்பதற்கும் ஒரு குறியீடு வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். 2025 ஜூன் இறுதியில் ஜெஃப் பெசோஸின் திருமணத்துக்கு வந்து சொகுசு விடுதிகளில் தங்கிய கோடீஸ்வரர்களும் உங்கள் விதிப்படி விலக்குப் பெற்றவர்களே. தனி விமானத்தில் வந்தவரால் ஊருக்குச் சுமை இல்லை. ரொட்டியைப் பையில் கட்டிக்கொண்டு ரயிலில் வந்தவரால்தான் சுமை.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ரியால்தோவுக்கு அருகே சான் பார்த்தலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் 2008 முதல் ஒரு மின் எண்பலகை ஒளிர்கிறது. மருந்து விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீவு நகரில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த இடம். 2022 ஆகஸ்டில் அந்த எண் 50,000-க்குக் கீழே இறங்கியது. மறு ஆண்டே, சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையை முந்திவிட்டதாக ஊர்க்காரர்களின் அமைப்பான ஓச்சியோ கணக்குக் காட்டியது. உங்கள் கட்டணத்தை இந்த இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் வந்து போகிறவர் எடுத்துக்கொள்வது தெருவில் நிற்க இரண்டடி இடமும் ஏழெட்டு மணி நேரமும்தான். ரயில் ஏறியதும் இரண்டையும் திருப்பித் தந்துவிடுகிறார். சுற்றுலாக் குடியிருப்பாக மாறிய மூன்றாம் மாடி வீடு திரும்பி வருவதில்லை. அங்கே இருந்த குடும்பம் மெஸ்த்ரேக்குப் போகிறது, அவர்களை நம்பியிருந்த காய்கறிக் கடை முகமூடிக் கடையாகிறது, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். திருப்பித் தருகிறவரிடம் கட்டணமும் திரும்பாததற்கு விலக்கும் என்பதுதான் உங்கள் திட்டத்தின் சாரம்.

தங்குகிறவர் இரவுக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே வரி கட்டுகிறார், பகல் பயணி எதுவும் கட்டாமல் குப்பையை மட்டும் விட்டுச் செல்கிறார் என்று நீங்கள் சொல்லலாம். குப்பை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. லாரி நுழைய முடியாத ஊரில் ஒவ்வொரு பையையும் கைவண்டியில் தள்ளிக் கொண்டுபோய்ப் படகில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவைத் தீவில் மிஞ்சியிருக்கும் சுமார் 48,000 பேர் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் பகல் பயணி ஒன்றுமே கொடுப்பதில்லை என்பதை ஏற்க முடியாது. உள்ளூர்க்காரர் 1.50 யூரோவுக்கு ஏறும் வபோரெத்தோ படகில் எங்களுக்கு 9.50, அதுவும் 75 நிமிடத்துக்கு. கழிப்பறைக்குப் போனால் 1.50. துப்புரவுக்கு இன்னும் 5 யூரோ வேண்டும் என்றால் ஆண்டு முழுவதும், எங்கே தூங்கினாலும், நேர்மையாகக் கேளுங்கள், மறுபேச்சு இல்லை. கூட்டத்தைக் குறைக்கவே வாங்குகிறோம் என்ற விளக்கம்தான் ஒட்டவில்லை. விமானத்துக்கும் ரயிலுக்கும் நூற்றுக்கணக்கில் செலவழித்து வருகிறவர் 5 யூரோவைப் பார்த்துப் பாதி வழியில் திரும்புவாரா? 2024-ல் சுமார் 4,85,000 பேர் கட்டினார்கள், 24 லட்சம் யூரோ சேர்ந்தது. 2025-ல் 7 லட்சத்துக்கும் மேல், 54 லட்சம் யூரோ. கூட்டத்தைக் குறைக்கும் கட்டணம் என்றால் வரவு குறையும்போது அல்லவா நீங்கள் மகிழ வேண்டும்? நீங்களோ புதுப்பட வசூல் நிலவரம் போல ஆண்டுதோறும் தொகையை அறிவிக்கிறீர்கள்.

நாள் ஒன்றுக்குக் கட்டியவர்கள் சராசரி 16,700-லிருந்து 13,400 ஆக இறங்கியிருக்கிறதே என்று உங்கள் கணக்கர் கேட்கக்கூடும். கட்டியவர்கள் குறைந்தால் வந்தவர்கள் குறைந்ததாக ஆகிவிடாது. பலர் மெஸ்த்ரேயில் அறை எடுத்திருக்கலாம், பலர் 4 மணிக்கு வந்திருக்கலாம். விலக்குகள் அத்தனை இருக்கும்போது அந்த எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. யார், எப்போது வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு என்ற வாதமும் உண்டு. அதற்கென்றே த்ரோன்கெத்தோ தீவில் 2020 முதல் கட்டுப்பாட்டு அறை வைத்திருக்கிறீர்கள். கேமராக்களும் கைப்பேசித் தரவும் எங்களை வந்த நாடு வாரியாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. எண்ணி முடித்தாயிற்று, அடுத்து என்ன என்பதுதான் கேள்வி.

நினைத்தால் உங்களால் வரம்பு போட முடியும். 2024-ல் வழிகாட்டியோடு நடக்கும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று சொன்னீர்கள், நல்ல காரியம். அந்தத் துணிச்சல் படுக்கைகள் பக்கம் வரும்போது மட்டும் எங்கே போகிறது? 2022-ல் இத்தாலிய நாடாளுமன்றம், குறுகிய கால வாடகை வீடுகளுக்கு எல்லை வகுக்கும் அதிகாரத்தை வெனிஸுக்கென்றே சட்டத்தில் எழுதிக் கொடுத்தது. கட்டணத்தைக் கொண்டுவருவதில் காட்டிய வேகம் அதைப் பயன்படுத்துவதில் இல்லை. உங்களைப் போலவே கால்வாய்களால் ஆன ஆம்ஸ்டர்டாமில், குடியிருக்கும் வீட்டைப் பயணிகளுக்கு ஆண்டில் 30 இரவுக்கு மேல் விட முடியாது. பார்சிலோனா 2028 நவம்பரோடு சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையே முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்திருக்கிறது. வெனிஸ்காரர்கள் பலருக்கு அந்த வாடகைதான் பிழைப்பு என்பீர்கள். உண்மைதான். பாட்டி விட்டுப்போன வீட்டை வாடகைக்கு விட்டு வாழும் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஆள் பத்துப் பன்னிரண்டு வீடுகளை விடுவதையும் அதே தட்டில் வைக்காதீர்கள்; ஒரு வீட்டுக்காரருக்கு ஒரு விதி, பல வீட்டுக்காரருக்கு வேறு விதி என்று வகுக்க எந்தக் கியூஆர் குறியீடும் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் மாநகராட்சியின் சுமார் இரண்டரை லட்சம் பேரில் பெரும்பகுதியினர் நிலப்பரப்பில் இருக்கிறார்கள். தீவில் வாழ்கிறவர்கள் தங்கள் ஊரின் மன்றத்திலேயே சிறுபான்மை. வீடு வைத்திருப்பவருக்கு ஓட்டு உண்டு. பகல் பயணிக்கு ஓட்டு கிடையாது. அதனால் கட்டணம் எங்கே போய் விழும் என்பதில் வியப்பில்லை.

ஆகவே ஒரு கோரிக்கை. வரும் ஆண்டு கட்டண அட்டவணையை வெளியிடும்போது, அதே அறிவிப்பில் இன்னொரு எண்ணையும் சேருங்கள்: தீவு நகரில் இனி எத்தனை படுக்கைகளுக்கு மேல் அனுமதி இல்லை என்ற எண். அதைச் சேர்த்தால் 10 யூரோவையும் முன்பதிவு செய்தே கட்டுகிறோம், ஆகஸ்டுக்கும் சேர்த்து. அதுவரை இதை வருமானத் திட்டம் என்று சொல்லி வாங்குங்கள். ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓட்டில்லாத ஒரு பகல் பயணி