அமர்ந்திருப்போர், நிற்போர்

கல்லூரி ஆண்டு மலருக்குப் படக்குறிப்பு எழுத மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். முதல் வரி நிகழ்காலத்தில், படத்தில் நடப்பதைச் சொல்லவேண்டும்; அடுத்த வரி, படத்தில் தெரியாததை. பாடம் இவ்வளவுதான்.

நம் மலர்களில் ஏதாவது நடந்தால்தானே! தாளாளர் குத்துவிளக்கேற்றுகிறார், மெழுகுவர்த்தி திரியைத் தேடுகிறது, அவர் கேமராவைப் பார்க்கிறார். ஒரு மாணவி, "மூன்றாம் முறையாக விளக்கேற்றுகிறார் தாளாளர். முதல் இரண்டு முறையும் மின்விசிறியை யாரும் நிறுத்தவில்லை" என்று எழுதிவிட்டாள். விதிப்படி நூற்றுக்கு நூறு. அச்சில் வந்தது: "தாளாளர் குத்துவிளக்கேற்றியபோது."

கபடிக் குழுவின் படத்துக்கு அந்த வம்பே இல்லை. அமர்ந்திருப்போர்: தாளாளர், செயலர், முதல்வர், எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. (கோப்பை அவர் மடியில்.) நிற்போர்: மாணவர்கள்.