செக்குமாட்டுக்கு ஒரு வக்காலத்து

அமெரிக்காவின் நீள்வட்டத் தடக் கார் பந்தயம், இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்தவர்களின் விளையாட்டு என்பது பழைய கிண்டல். கணக்கு சரிதான். இண்டியானாபோலிஸில் இரண்டரை மைல் தடம், 200 சுற்று, சுற்றுக்கு நான்கு வளைவு. ஆக 800 முறை இடப்பக்கம். செக்குமாடே சலித்துக்கொள்ளும். ஆனால் செக்குமாட்டின் வாலை உரசிக்கொண்டு இன்னொரு மாடு மணிக்கு 350 கிலோமீட்டரில் வருவதில்லை. வலப்பக்கப் பின்டயரின் சுற்றளவை இடப்பக்க டயரைவிடச் சற்றுக் கூட்டி வைத்திருப்பார்கள். கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும். நேர்ப்பாதையில் நேராகப் போவதற்கே ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டியே ஒரு பக்கம் சாய்ந்த கட்சிக்காரன்!

வளைவு பல வேண்டும் என்பவர்கள் மொனாக்கோவைக் காட்டுவார்கள். அங்கே இடமும் உண்டு, வலமும் உண்டு, துறைமுகத்தில் சொகுசுப் படகும் உண்டு. 2024 மே மாத ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் பத்து இடங்களில் புறப்பட்டவர்கள் அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். ரேஷன் கடையில்கூட இந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது. அதே மாதம் கான்சஸ் நீள்வட்டத்தில் 400 மைலுக்கு மேல் ஓடியபின் கைல் லார்சன், கிறிஸ் புஷரை முந்தியது 0.001 விநாடியில். கடைசி நொடி சரி, நடுவே அத்தனை மணி நேரம் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயம்தான், மஞ்சள் கொடி காட்டி எல்லோரும் ஊர்வலம் போகும்போது கோயில் தேரே வேகமாகத் தெரியும். ஆனால் ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்த்து, அது டிராவில் முடிந்ததைச் சிலாகிப்பவர்கள் இதைக் கேட்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.