நிறத்தை நம்பினோர்

1758-இல் லின்னேயஸ், ஓடில்லாத கடல் நத்தைகளுக்கென்று 'டோரிஸ்' என்றொரு பேரினத்தை ஆரம்பித்தார். கேள்வி முறை இல்லாத கூட்டுக்குடும்பம் அது. நூறு வருடத்தில் கூடம், தாழ்வாரம், திண்ணை எல்லாம் நிரம்பி வழிந்தது.

1855-இல் நியூகாசில்காரர்களான ஜோஷுவா ஆல்டரும் ஆல்பனி ஹான்காக்கும் பாகப்பிரிவினை செய்து, 'குரோமோடோரிஸ்' என்று தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தார்கள். நீலம், மஞ்சள், கறுப்புக் கோடு என்று மினுக்கியவை பல அங்கே குடியேறின. தகவல் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, 1858-இல் ராணுவ மருத்துவர் கெலார்ட் அங்கு கிடைத்த ஒரு நத்தைக்குக் கிளெனி என்பவரின் பெயரைச் சூட்டி, 'டோரிஸ் கிளெனியை' என்று பழைய வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

அப்புறம்தான் சங்கடம். நிறம் பார்த்து ரகம் பிரித்த நத்தையைச் சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடுகிறது. அருங்காட்சியகப் புட்டிகளில் எல்லாம் ஒரே வெளுப்பு. சாராயத்தின் முன் அனைவரும் சமம்! வேறு வழியின்றி, கோபன்ஹேகன் மருத்துவர் ருடால்ஃப் பெர்க் நத்தைகளை அறுத்துப் பல்வரிசையை ஆராய்ந்தார். தொழிலுக்குப் பால்வினை நோயாளிகள், பொழுதுபோக்குக்கு நத்தையின் வாய். மனிதருக்கு அமைந்த ஜாதகம் அப்படி. 1906-இல் பிரிட்டிஷ் ராஜதந்திரி சார்லஸ் எலியட், கெலார்ட் வரைந்த படங்களையும் பழைய புட்டிகளையும் பரப்பிவைத்துக்கொண்டு ஆள் அடையாளம் காண மல்லுக்கட்டினார்.

2012-இல் ரெபெக்கா ஜான்சனும் டெரன்ஸ் கோஸ்லினரும் டி.என்.ஏ.வை நோண்டினார்கள். நெருங்கிய உறவே இல்லாதவர்கள் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தது அம்பலமானது. மறுபடியும் பாகப்பிரிவினை. இடையில் குரோமோடோரிஸுக்குக் குடிமாறியிருந்த கிளெனியார் மீண்டும் மூட்டை கட்டி, 'கோனியோபிராங்கஸ்' வீட்டுக்குப் போனார். அது 1866-இலேயே கட்டிய வீடு. தூசி தட்டித் திறந்தார்கள்.

சரி, மிஞ்சியவர்களாவது ஒழுங்கா? 2018-இல் வந்த ஓர் ஆய்வில் அந்த நம்பிக்கையும் போயிற்று. இவை கடற்பஞ்சைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துவைப்பவை. 'தொட்டால் கசப்பேன்' என்று மீனுக்குச் சொல்லத்தான் இந்த நிறம். ஒருவர் சட்டையைப் பார்த்து மீன் பயந்தால், பக்கத்து இனமும் அதே சட்டையைத் தைத்துக்கொள்கிறது. போதாததற்கு, ஒரே இனம் கடலுக்குக் கடல் வேறு உடுப்பில் உலவுகிறது.

இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான நிறங்களை அந்த நத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது வெளிச்சமும் இருட்டும்தான். துணை தேடும்போது அது மோப்பம் பிடிக்கிறது, லின்னேயஸைக் கேட்பதில்லை.