தற்சார்பு முட்டை

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கும் நாமக்கல்லிலேயே, முட்டையில் தற்சார்பு அடைவேன் என்று கொல்லையில் கூண்டு வைப்பவர்கள் உண்டு. நல்ல லட்சியம். கூண்டு கடையில் வாங்கியது, குஞ்சு பண்ணையில் வாங்கியது, தீவனம் மூட்டையாக வந்து இறங்கியது. முட்டை மட்டும் சொந்தம். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். அதிலுள்ள சோயாப் புண்ணாக்கு பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து லாரி ஏறி வந்தது. ஆக, சார்பு எங்கும் போய்விடவில்லை. மளிகைக் கடையிலிருந்து தீவனக் கடைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாட்டுக்கோழி வளர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை போடும். நாட்டுக்கோழி 60, 80 போடுவதற்குள் பலமுறை அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் அது குப்பையைக் கிளறித் தானே பிழைத்துக்கொள்ளும். பழஞ்சாக்கையும் காய்ந்த சாணத்தையும் மண்பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் குஞ்சுகளுக்குக் காசில்லாத தீனி. எனவே கோழி வாங்குமுன் கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் முட்டையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.