உடைந்த சாவியும் ஒரு கிரைண்டரும்

கேள்வி: எங்கள் பட்டாசுக் கடை இரும்புப் பெட்டிச் சாவி பாதியில் முறிந்து பூட்டுக்குள்ளேயே நிற்கிறது. பக்கத்துப் பட்டறைத் தம்பி கிரைண்டரோடு வரட்டுமா என்கிறார்.
– கடைக்காரர், சிவகாசி

பதில்: தம்பி வரட்டும், கிரைண்டர் வேண்டாம். சரக்கு இருக்கும் இடத்தில் பொறி பறந்தால் பெட்டியோடு கூரையும் திறந்துகொள்ளும்!

முறிந்த துண்டின் நுனி வெளியே தெரிந்தால், பூட்டு எந்த நிலையில் சாவியை விடுமோ அந்த நிலைக்குத் திருப்பி, மெல்லிய இடுக்கியால் நேராக இழுங்கள். தெரியாவிட்டால் கொண்டை ஊசியால் குத்தாதீர்கள். துண்டு இன்னும் உள்ளே போகும். ஃபெவிக்விக் வைத்தியமும் வேண்டாம், பூட்டே ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தூசியைப் பிசினாக்கும். பென்சில் கரியின் கிராஃபைட் தூளே நல்லது. அதற்கும் மசியாவிட்டால் பூட்டுக்காரர்தான். மதுரை தாண்டினால் திண்டுக்கல். அந்த ஊர்ப் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது.

வெட்கப்பட வேண்டாம். பூரி ஜகந்நாதர் கோயில் கருவூலமான ரத்ன பண்டாரத்தின் உள்ளறைச் சாவியைக் காணோம் என்று 2018-இல் தெரிந்தது. 2024 ஜூலை 14 அன்று, கொண்டுவந்த மாற்றுச் சாவிகளும் பொருந்தாமல், மாஜிஸ்திரேட் முன்னிலையில் பூட்டை உடைத்தார்கள். ஜகந்நாதருக்கே அந்தக் கதி.

புதுச் சாவி செய்யும்போது இரண்டாகச் செய்யுங்கள். இரண்டாவதைப் பத்திரமாக அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள், அண்ணாச்சி!