மென்பொருள் பெயர்ச்சி இலக்கணம்

மென்பொருள் பெயர்ச்சியாவது யாதெனின், உரிமம் வாங்கிய மென்பொருளையோ, வாங்காமலே ஏற்றிக்கொண்ட மென்பொருளையோ விட்டு ஒரு தொழிற்கூடம் கட்டற்ற மென்பொருளுக்குக் குடிபோவது. இதற்கு நிலம், ஓசூர் சிப்காட் தொடங்கிப் பாரூர் ஏரிக்கரை வரை. பொழுது, லைசென்ஸ் புதுப்பிக்கும் மார்ச் மாதம். கருப்பொருள், சி.என்.சி. மெஷின், யு.பி.எஸ்., டாங்கிள், ஆடிட்டர். உரிப்பொருள், புலம்பலும் புலம்பல் நிமித்தமும்.

பெயர்வோர் எத்தனை வகைப்படுவர் எனின், நால்வர் என்க.

முதலாமவர் அஞ்சிப் பெயர்வோர். “உங்கள் கம்பெனியில் எத்தனை சிஸ்டம், எத்தனை லைசென்ஸ்?” என்று ஒரு மின்னஞ்சல் வரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்: திருட்டு நகல் எனத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அன்றிரவே எல்லாக் கணினியிலும் லிப்ரே ஆபீஸ் ஏறிவிடும். அடுத்த மின்னஞ்சல் வராவிட்டால் அடுத்த மாதமே இறங்கியும் விடும்.

இரண்டாமவர் காலாவதியால் பெயர்வோர். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கெடு. நல்ல நிலையில் உள்ள பழைய கணினிக்கு லினக்ஸ் போடுவது இவர் வழக்கம். ஆயினும் மெஷினோடு கேபிளால் பிணைந்த எக்ஸ்பி கணினி இவ்விதிக்கு அடங்காது. அதிலுள்ள கார்டுக்குப் புதிய டிரைவர் கிடைக்காது. மெஷின் உள்ளளவும் எக்ஸ்பி உண்டு.

மூன்றாமவர் கொள்கையால் பெயர்வோர். அரியர். இவர்க்கு மேற்கோள் தனியார் அல்லர், அரசே. 2007 வாக்கில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராயிருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தம் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டினார். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் தாம் செய்து பார்த்த அதிகாரி என்ற வகையில் இந்நூலின் மரியாதை அவர்க்கு உரித்து. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வாண்டினதே. பின்னர் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டிக்குள் வந்தன. பிள்ளைகள் எந்த வாசலைத் திறந்தார்கள் என்பதற்கு உரை எழுத வேண்டா.

நான்காமவர் பாதி பெயர்வோர். பிறர் இவரைத் தயங்குவோர் என்பர். அது பொருந்தாது, இவரே தெளிந்தவர். கடிதம், கொட்டேஷன், மின்னஞ்சல், ஃபைல் சர்வர், பேக்கப் ஆகியவற்றை இவர் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவார். ஸ்டாக், பர்ச்சேஸ் கணக்குக்கு மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட்டும் போடுவார். கணக்கு மென்பொருளான டாலியை மட்டும் தொடமாட்டார். எற்றுக்கெனின், ஆடிட்டர் கேட்பது டாலி டேட்டா. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்த பின் ஆடிட்டரைப் பகைத்துக்கொண்டு தொழில் செய்யும் துணிவு சிப்காட்டில் எவர்க்கும் இல்லை. அத்திப்பள்ளி எல்லை தாண்டிய பெங்களூருச் சரக்கான டாலி, சோதனைச் சாவடி ஏதுமின்றி இங்கே ஆள்கிறது.

இனி டிராயிங். இதுவே இந்நூலின் நடுவிடம். பாகம் வாங்கும் பெரிய கம்பெனி தன் மென்பொருளின் சொந்த வடிவிலேயே கோப்பை அனுப்புகிறது. ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறை அதைத் திறப்பதற்காகவே விலையுயர்ந்த மென்பொருளை வாங்குகிறது, அல்லது திருடுகிறது. அதே டிராயிங் பொது வடிவமான ஸ்டெப் கோப்பாக வந்தால், கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் மறுப்பின்றித் திறக்கும். ஆக, பட்டறைக்காரரைக் கட்டியிருப்பது அவர் கணினியிலுள்ள மென்பொருள் அன்று, வாடிக்கையாளர் கணினியிலுள்ளது. இதை உணராமல் லினக்ஸின் பெருமையை மட்டும் பேசும் நண்பர்கள் பிழைபட்டோர்.

போலி ஒன்றுண்டு. “எங்களுக்கும் இலவசம்தான் சார்” என்று கிராக் செய்த நகலைக் காட்டுவோர். இவரைப் பெயர்வோருள் சேர்த்தல் வழு.

புறனடையாவது, பெயர்ந்து மீள்வோர். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானம் போட்டது. பாரூர்ப் பக்கம் அத்தனை ஆண்டும் தீர்மானமும் வேண்டா. முதலாளியின் மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்தால் போதும். அன்றியும், லினக்ஸ் பழுதானால் பார்க்க ஓசூரிலிருந்து ஆள் வரவேண்டும். மென்பொருள் இலவசம், அவருடைய பெட்ரோல் இலவசம் அன்று. அதற்கும் வரவுசெலவில் இடம் ஒதுக்காதவர் பெயரவே வேண்டா.

பெயரத் துணிந்தவர் எதையும் இறக்குமுன் இரண்டு போன் செய்யுங்கள். ஒன்று ஆடிட்டருக்கு. மற்றொன்று டிராயிங் அனுப்பும் கம்பெனிக்கு: “இனிமேல் ஸ்டெப் ஃபைலாக அனுப்புவீர்களா சார்?” ஒரு பட்டறை கேட்டால் மறுப்பார்கள். சிப்காட் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.