மாமாவுக்கு வாட்ஸ் கணக்கு

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் பிள்ளைகளும் சுகமென்று தங்கச்சி சொன்னாள். நீங்கள் மட்டும் சுகதுக்கம் எதுவும் கேட்காமல் "புதுசா ஸ்பீக்கர் எடுத்தியாமே, எத்தனை வாட்ஸ்?" என்று ஒரே வரி அனுப்பியிருக்கிறீர்கள். போனில் விளக்கினால் பாதியில் வெட்டி "வாட்ஸைச் சொல்லுடா" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

42 வாட்ஸ், மாமா. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முப்பது வருஷமாக மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் நீங்கள். கோயிலில் மைக்கைத் தட்டினால் எதிர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு அம்ப் மட்டுமா காரணம்? ஒரு வாட் கொடுத்தால் குழாய் ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபெல் வரை கத்தும். வீட்டு அலமாரி அளவுப் பெட்டி அதே ஒரு வாட்டுக்கு 85 பக்கம்தான் வரும். இந்த 20 டெசிபெலை எட்டிப் பிடிக்க நூறு மடங்கு வாட்ஸ் வேண்டும். உங்கள் குழாய் ஒரு வாட்டில் போடுகிற கூச்சலுக்கு என் பெட்டி நூறு வாட் குடிக்கும். ஆகவே அட்டைப் பெட்டியில் அச்சடித்த வாட்ஸை வைத்துச் சத்தத்தை அளக்க முடியாது. அதிலும் பல பெட்டிகளில் போட்டிருப்பது 'பீக்' கணக்கு. ஒரு நொடி தாங்குமே, அது. நின்று உழைக்கிற கணக்கு ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் கிடக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

கோபப்படாதீர்கள். குழாயிலும் ஒரு குறை உண்டு. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது அநேகமாக ஊமை. டி.எம்.எஸ். குரலில் இருக்கிற கனம் பாதி மலையிலேயே தொலைந்துபோவது அதனால்தான்.

ஆனால் உங்களுக்குப் பெருமையான ஒரு சமாச்சாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்று ஒரு எஞ்சினியர், 1946இல் அர்க்கன்சா மாநிலத்தில் கம்பெனி தொடங்கி, குழாயை மடக்கி வீட்டு மூலைக்குள் கொண்டுவந்தார். அந்தக் கம்பெனி இன்றைக்கும் தன் பெட்டிகளில் கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டருக்கு முன்னால் ஒரு குட்டிக் குழாய்வாய் வைத்துத்தான் விற்கிறது. கடையில் அதைக் கண்டதும் சலாம் போடலாமா என்று இருந்தது. நீங்கள் மரத்தில் ஏற்றிக் கட்டுவதை இவர்கள் வால்நட் பலகை ஒட்டி, கையைச் சுடுகிற விலைக்கு வைத்திருக்கிறார்கள்.

கடைப் பொடியன் நம்ம ஆள், யாழ்ப்பாணம். "அண்ணை, இதைக் கேட்டியளெண்டால் மற்றதைத் தொடமாட்டியள்" என்று ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுக் காட்டினான். விலை ஏற ஏற, அவன் விரல் சத்தத்தையும் ஒரு மயிரிழை ஏற்றியது. மனுஷக் காது ஒரு பைத்தியம் மாமா. ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி வைத்தால் 'இது தெளிவு' என்று சத்தியம் பண்ணும். நான் போனில் சத்தம் அளக்கிற ஆப்பைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஜோடிகளுக்கு நடுவே இருந்த வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது, பொடியனின் சிரிப்பும்.

பிறகு அவனுடைய பாட்டை நிறுத்திவிட்டு என் சரக்கை எடுத்தேன். முதலில் இலங்கை வானொலி கே.எஸ். ராஜாவின் பழைய பதிவு. அவர் பேசுகிற வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உதிர வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டினால் அந்தப் பெட்டி சரியில்லை. அடுத்தது தம்பி அனுப்பிய காமன் கூத்துத் தப்பு மேளம். கடைசியாக நம்ம ஸ்டேஷனின் சத்தம். மேலே பிளாட்பாரம், அதற்கு நேர் கீழே சுரங்கத்தில் பதுளை ரயில். வளைந்து சுற்றி வருகிற அந்த எஞ்சினின் உறுமலை எந்தப் பெட்டி தருகிறது என்று பார்த்தேன். இதென்ன பாட்டு என்று பொடியன் கேட்டான். தெமோதரை என்றேன்.

மூன்று ஜோடி மிஞ்சியது. ஜே.பி.எல். 305பி, ஸ்டூடியோக்காரர்கள் வைத்துக்கொள்வது. அதில் பெரிய கூம்புக்கு ஒரு அம்ப், ட்வீட்டருக்கு ஒரு அம்ப். சொற்கள் கழுவித் துடைத்த மாதிரி வந்தன. விலையும் அடக்கம் என்று சந்தோஷப்பட்டால், அட்டையில் போட்டிருந்தது ஒற்றைப் பெட்டியின் விலை! அதோடு அதை விட்டுவிட்டேன். அடுத்தது கான்டோ யூ6, பிரிட்டிஷ் கொலம்பியாக் கம்பெனி, ஐந்தேகால் அங்குலக் கூம்பு. இசைத்தட்டுச் சுழற்றியைச் செருகவும் வசதி உண்டு, எங்கள் வீட்டில் இருப்பது சோற்றுத் தட்டு மட்டும். மூன்றாவது 1996இல் பெய்ஜிங்கில் தொடங்கிய எடிஃபையரின் ஆர்1280டிபி, நாலு அங்குலக் கூம்பு.

ரயில் உறுமலில் கான்டோ ஜெயித்தது, சந்தேகமே இல்லை. எடிஃபையரில் ரயில் வந்தது, ஆனால் மலை வரவில்லை. ராஜாவின் குரலிலும் தப்பிலும் இரண்டுக்கும் காதறிந்த பெரிய பேதம் இல்லை. கான்டோவின் விலையோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இங்கேதான் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அபார்ட்மென்ட் என்பது நிமிர்த்தி வைத்த தோட்டத்து லயம், அவ்வளவுதான். லயத்தில் ஒரு காம்பராவில் ரேடியோ போட்டால் பக்கத்துக் காம்பராவிலிருந்து "கொஞ்சம் கூட்டி வை" என்று குரல் வரும். இங்கே கீழ்வீட்டுக் கிழவி விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பாள். சுவர் தாண்டி, தரை தாண்டிப் போவது குரலல்ல, அந்த அடித்தொண்டை உறுமல்தான். கேட்க விடாத உறுமலுக்கு மூன்று மடங்கு காசு எதற்கு? எடிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தனி வீடு வாங்கினால் கான்டோவை யோசிக்கலாம். அதற்கு முதலில் கடன் கொடுக்கிற வங்கி யோசிக்க வேண்டும்.

உங்கள் மருமகள் இரண்டையும் அலமாரியில் புத்தகத்துக்கு நடுவே செருகப் பார்த்தாள். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரவேண்டும், பக்கவாட்டில் பலகை நெருக்கக் கூடாது என்று மன்றாடி, டிவிக்கு இரு பக்கமும் வைத்திருக்கிறேன். அதன் காற்றுத் துளை முன்பக்கம் என்பதால் பின்னால் சுவர் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. அவளுக்குச் சமாதானமாக மேலே ஒரு பிள்ளையார்.

இதே மாதிரி ஒன்று அனுப்பு என்று அடுத்த வரி வரும், தெரியும். இங்கே கரண்ட் 120 வோல்ட், அங்கே 230. 120க்கு மட்டும் செய்ததை இங்கே வாங்கி அனுப்பினால் நம்ம வீட்டில் பாட்டுக்கு முன் புகை வரும். கொழும்பில் வாங்குங்கள், பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து. ஒற்றையா ஜோடியா என்றும் கேளுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், உங்களுக்கு இந்த ஜாதியே வேண்டாம். ஒரு பெட்டிக்குள்தான் அம்ப் இருக்கிறது, மற்றது வயரில் தொங்குகிற வெறும் பெட்டி. அம்ப் செத்தால் இரண்டும் சேர்ந்து ஊமை. சால்டரிங் அயர்ன் கையில் இருக்கிற மனுஷனுக்குப் பழைய அம்ப் ஒன்றும் தனி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும்தான் லாபம், கெட்டால் நீங்களே திறந்துவிடலாம்.

மாசியில் காமன் கூத்து வரும்போது தம்பியைப் போனைத் தப்புக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். போன தடவை குழாய்க்குக் கீழே நின்றிருக்கிறான். பதிவில் பாதிக்குமேல் உங்கள் "ஹலோ, மைக் டெஸ்டிங்"தான். கடையில் அது ஓடியபோது, "இதுதான் அண்ணை நல்ல குரல்" என்றான் பொடியன்.

அன்பு மருமகன்